நீங்கள் வாங்கினது யாருக்குச் சொந்தம்?

வேதபாடம். வாசிக்க வேண்டிய பகுதிகள்: ஆதியாகமம் 23, யோசுவா 9, எரேமியா 32.



வாலிபர் கூட்டத்தில் கேள்விப்பெட்டி ஒன்று வைத்தோம். பேர் எழுத வேண்டாம், மனதில் உள்ளதை மட்டும் எழுதிப் போடுங்கள் என்று சொல்லியிருந்தோம். பெட்டியைத் திறந்தபோது பாதிச் சீட்டுக்கு மேல் செல்போனைப்பற்றியும் கேமைப்பற்றியும்தான் இருந்தது. "ராத்திரி ஷிப்ட் முடிச்சு வந்து ஒரு மணி நேரம் கேம் ஆடினா பாவமா பாஸ்டர்?" என்று ஒரு தம்பி. "ரம்மி ஆடலாமா? அது திறமைன்னு கோர்ட்டே சொல்லிடுச்சே" என்று இன்னொருவர். "காசு குடுத்து வாங்கின ஸ்கின் எல்லாம் போயிடுச்சு, யார்கிட்ட கேக்கறது?" என்று மூன்றாவது சீட்டு. கடைசியில் வாலிபர் எழுத்தாகத் தெரியாத ஒரு கையெழுத்தில், "என் மகன் என் போனைத் தொட்டால் என் பணம் குறைகிறது" என்று ஒரே ஒரு வரி.

முதல் கேள்விக்குச் சுருக்கமாகவே பதில் சொல்லுகிறேன். விளையாட்டு பாவமல்ல. நம்முடைய பாட்டிமார் பல்லாங்குழி ஆடினார்கள், நாம் சபை மாடியில் கேரம் ஆடினோம். தூக்கத்தையும் ஜெபத்தையும் பெண்டாட்டி பிள்ளைகளையும் தின்னாதவரைக்கும் ஒரு மணி நேரக் கேமை நான் குற்றப்படுத்தமாட்டேன். ஒருகாலத்தில் டி.வி. பெட்டியைப்பற்றி நம் மேடைகளில் பேசாத பேச்சில்லை. 2006-ல் அரசாங்கமே இலவசக் கலர் டி.வி. கொடுக்கத் தொடங்கியபின் அந்தப் பேச்சு மெல்ல மெல்லக் குறைந்துபோனதை மூத்த விசுவாசிகள் அறிவார்கள். ஆகவே அந்தக் கேள்வியை இங்கே நீட்டவில்லை.

என்னை அதிகமாக யோசிக்க வைத்தது மூன்றாவது சீட்டுதான். அந்தத் தம்பி கேட்டது வேதம் மிகவும் கவனித்துப் பேசுகிற ஒரு காரியம். காசு கொடுத்தேனே, அது என்னுடையதுதானே? இந்தப் பாடம் அதைப்பற்றியது.

ஆபிரகாம் வாங்கின நிலம்

சாராள் மரித்தபோது ஆபிரகாமுக்கு அந்தத் தேசத்தில் ஒரு அடி நிலம் சொந்தமில்லை. ஏத்தின் புத்திரர் நல்ல மனுஷர். எங்கள் கல்லறைகளில் நல்லதைப் பார்த்து எடுத்துக்கொள் என்கிறார்கள். எப்பெரோன் இன்னும் ஒருபடி மேலே போய், நிலத்தைச் சும்மாவே தருகிறேன் என்கிறான். ஆபிரகாம் வாங்கிக்கொள்ளவில்லை. விலை சொல்லு என்று கேட்டு, நானூறு சேக்கல் வெள்ளியை எல்லாரும் பார்க்க நிறுத்துக் கொடுக்கிறான். இங்கே வேதம் எழுதியிருக்கிற விதத்தைக் கவனியுங்கள். நிலம், அதிலுள்ள குகை, அதன் எல்லைக்குள் நிற்கிற மரங்கள் எல்லாம் ஆபிரகாமுக்கு உறுதியாயிற்று என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, பட்டணவாசலில் வந்திருந்த ஜனங்கள் சாட்சி என்றும் முடிக்கிறது. இந்தக்காலத்து விற்பனைப் பத்திரத்தில் நான்கு எல்லையும், கிணறும், தென்னைமரமும், இரண்டு சாட்சிக் கையெழுத்தும் இருக்கிறதே, அதே ஒழுங்குதான்.

சும்மா கொடுப்பதை அவன் ஏன் வாங்கிக்கொள்ளவில்லை? சும்மா கொடுத்தவன் நாளைக்கு, அல்லது அவனுடைய மகன் நாளான்னைக்கு, "எங்க அப்பன் இரக்கப்பட்டு இருக்கவிட்டான், இப்போ காலி பண்ணு" என்று சொல்ல முடியும். கிரயம் கொடுத்து, எல்லை எழுதி, சாட்சி வைத்து வாங்கினதை அப்படிக் கேட்க முடியாது. "இருந்துக்கோ" என்பது வேறு, "உனக்கே" என்பது வேறு.

நம் படப்பை ஜனங்களுக்கு இதை விளக்கத் தேவையே இல்லை. வண்டலூரிலிருந்து ஒரகடம் போகிற ரோட்டில் மனை விற்கிற போர்டு இல்லாத இடம் ஏது? ஒரு அரை கிரவுண்டு வாங்குவதற்கு வில்லங்கம் போட்டுப் பார்க்கிறோம், தாய்ப்பத்திரம் கேட்கிறோம், பட்டா யார் பேரில் என்று தாலுகா ஆபீசுக்கு நடக்கிறோம், கடைசியில் வக்கீலிடமும் காட்டுகிறோம். வாடகை வீட்டுக்கும் சொந்த வீட்டுக்கும் வித்தியாசம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அப்படிப்பட்ட நாம் போனைக் கையில் எடுத்ததும் மட்டும் எல்லாவற்றையும் மறந்துபோகிறோம்.

அதுவும் போன் நமக்கு அந்நியப் பொருளா? ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா கம்பெனி 2006-ல் போன் செய்யத் தொடங்கி 2014 நவம்பர் 1-ம் தேதி மூடினபோது வேலை இழந்த குடும்பங்கள் இந்தச் சுற்றுவட்டாரம் முழுவதும் உண்டு. சுங்குவார்சத்திரம் பக்கத்தில் பாக்ஸ்கான் கம்பெனியில் ஐபோன் பூட்டுகிறார்கள். அதிகாலை மூன்று மணிக்கு நம் தெருமுனையில் கம்பெனி பஸ்சுக்கு நிற்கிற பிள்ளைகளில் அந்தப் போனுக்கு ஸ்குரூ போடுகிற பிள்ளைகளும் உண்டு. அதின் உடலை நம் பிள்ளைகளின் கை நன்றாக அறியும். அதின் உள்ளே ஓடுகிற ஒப்பந்தத்தைத்தான் நாம் படித்ததில்லை.

கேமில் இருக்கிற சட்டை யாருடைய சட்டை?

இப்பொழுது அந்தத் தம்பியின் சீட்டுக்கு வருகிறேன்.

பப்ஜி மொபைல் என்ற துப்பாக்கி விளையாட்டை அறியாத வாலிபன் இல்லை. விளையாட்டு இலவசம். ஆனால் உள்ளே போனால் சட்டை, தொப்பி, துப்பாக்கிக்குப் பூசுகிற நிறம் என்று எல்லாவற்றுக்கும் யூசி என்ற கேம் காசு வேண்டும்; அந்தக் கேம் காசை நிஜக் காசு கொடுத்து வாங்க வேண்டும். சம்பளம் வந்த அன்றைக்கு முந்நூறு, ஐந்நூறு, ஆயிரம் என்று போட்டவர்கள் நம்மிடையேயும் உண்டு. 2020 செப்டம்பர் 2-ம் தேதி மத்திய அரசு 118 செயலிகளைத் தடைசெய்தது. அதில் பப்ஜியும் ஒன்று. அக்டோபர் 30-ம் தேதியோடு இந்தியாவில் ஆடுகிறவர்களுக்குக் கம்பெனி சேவையை நிறுத்திக்கொண்டது. ஒரே நாளில் கதவு சாத்தியாயிற்று. உள்ளே இருந்த சட்டையும் தொப்பியும் உள்ளேயே நின்றுபோயிற்று.

பிறகு 2021 ஜூலை 2-ம் தேதி அதே விளையாட்டு பி.ஜி.எம்.ஐ. என்ற புதுப்பெயரில் வந்தது. பழைய கணக்கிலுள்ளதை மாற்றிக்கொள்ள ஒரு குறித்த தேதிவரை வழியும் கொடுத்தார்கள், மாற்றினவர்களுக்குக் கிடைத்தது. ஓராண்டு கழித்து 2022 ஜூலை 28-ம் தேதி அதையும் கடையிலிருந்து எடுத்துவிட்டார்கள். 2023 மே மாதத்தில் மறுபடியும் வந்தது. இதற்கு நடுவில் 2022 பிப்ரவரியில் 54 செயலிகளோடு ப்ரீ பயரும் தடையாயிற்று. டைமண்ட் வாங்கிச் சேர்த்தவர்கள் அடுத்து என்ன என்று திகைத்தார்கள்.

அரசாங்கம் தேசத்தின் பாதுகாப்பு என்று காரணம் சொன்னது. அது சரியா தப்பா என்று நான் இங்கே வழக்காடவில்லை. நான் காட்ட விரும்புவது வேறு. போவதும் வருவதுமாக இத்தனை தடவை நடந்ததே, காசு போட்டவனை ஒரு தடவையாவது யாராவது கேட்டார்களா? கேட்கவேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை. ஏனென்றால் நாம் "ஐ அக்ரீ" என்று அழுத்தின அந்த நீளமான காகிதத்தில், இது உங்களுக்கு விற்கப்படவில்லை, பயன்படுத்த அனுமதி மட்டுமே கொடுக்கப்படுகிறது, நாங்கள் எப்பொழுது வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்ற கருத்து எழுதியிருக்கிறது. எந்தப் பெரிய கேமை எடுத்தாலும் ஏறக்குறைய இதே நிபந்தனைதான். "பை" என்று பட்டன், உள்ளே வாடகைச்சீட்டு. அதுவும் அட்வான்ஸ் திரும்பாத, எத்தனை மாதம் என்று எழுதாத வாடகைச்சீட்டு.

கேமுக்கு மட்டும் இது என்று நினைக்காதிருங்கள். 2009 ஜூலையில் அமேசான் கம்பெனி, தன் கிண்டில் கருவியில் ஜனங்கள் காசு கொடுத்து வாங்கியிருந்த ஜார்ஜ் ஆர்வெல்லின் புத்தகங்களை, விற்றவருக்கு உரிமை இல்லை என்ற காரணத்தால், வாங்கினவர்களுடைய கருவிக்குள்ளேயே புகுந்து அழித்துவிட்டது. பணம் திரும்பிற்று, கம்பெனித் தலைவர் பகிரங்கமாக மன்னிப்பும் கேட்டார். ஆனாலும் வீட்டு அலமாரியில் இருக்கிற புத்தகத்தைக் கடைக்காரன் இராத்திரியில் வந்து எடுத்துக்கொண்டு போய் மேசையின்மேல் காசை வைத்துவிட்டுப் போனால் நாம் சும்மா இருப்போமா? 2024 மார்ச் 31-ம் தேதி யூபிசாப்ட் என்ற கம்பெனி தி க்ரூ என்கிற கார் பந்தய விளையாட்டின் சர்வரை நிறுத்தியது. முழு விலை கொடுத்து வாங்கினவர்களுக்கும் அது அதோடு செத்தது. அதிலிருந்து ஐரோப்பாவில் ஒரு இயக்கமே எழும்பி, விற்ற விளையாட்டைக் கொல்லாதே என்று கேட்டு 2025 ஜூலைக்குள் பத்து லட்சத்துக்கும் அதிகமானோர் கையெழுத்துப் போட்டார்கள். அமெரிக்காவின் கலிபோர்னியா மாகாணத்திலோ, அனுமதியை மட்டும் விற்கிறவன் அதை வாங்குகிறவனுக்குத் தெளிவாகச் சொல்லாமல் "பை" என்ற வார்த்தையை வைக்கக்கூடாது என்று சட்டமே போட்டு, 2025 ஜனவரி 1-ம் தேதி முதல் அமலுக்குக் கொண்டுவந்தார்கள்.

வாடகை என்பது பாவமல்ல, பிரியமானவர்களே. பஸ் டிக்கெட்டும் வாடகைதான். இறங்கினபின் சீட்டு நம்முடையது என்று யாரும் அழுவதில்லை. ஐம்பது ரூபாய்க்கு ஒரு சந்தோஷம் வேண்டுமென்றால் பஸ் டிக்கெட் வாங்குவதுபோல் வாங்கிக்கொள்ளுங்கள், அது உங்கள் விருப்பம். வாடகைக்கு மனை விலை கொடுப்பதைத்தான் நான் வேண்டாம் என்கிறேன். ஒரு தம்பி தன் கேம் கணக்கின் மதிப்பு நாற்பதாயிரம் என்று என்னிடம் சொன்னார். மதிப்பு என்றால்? விற்க முடியாது, விற்பதையே நிபந்தனை தடுக்கிறது. அடகு வைக்க முடியாது. தம்பிக்குக் கொடுக்க முடியாது. பூட்டு மாற்றினால் உள்ளே போகவும் முடியாது. நாற்பதாயிரம் செலவாயிற்று என்று சொல்லலாம், இருக்கிறது என்று சொல்லக்கூடாது.

காசு வைத்து ஆடுவது

ரம்மிச் சீட்டைப்பற்றி நீண்ட விளக்கம் வேண்டாம் என்று நினைத்தேன். ஆனால் கோர்ட்டே சொல்லிற்று என்று எழுதியிருப்பதால், கோர்ட் என்ன சொல்லிற்று என்பதைச் சரியாகச் சொல்லவேண்டியிருக்கிறது.

2020 நவம்பரில் தமிழக அரசு அவசரச் சட்டம் போட்டது, 2021-ல் அதைச் சட்டமாக்கியது. 2021 ஆகஸ்டு 3-ம் தேதி சென்னை உயர்நீதிமன்றம் அதை ரத்துசெய்தது. பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைத்து, 2022 அக்டோபரில் மறுபடியும் மசோதா நிறைவேற்றினார்கள். கவர்னர் திருப்பி அனுப்ப, சட்டசபை 2023 மார்ச்சில் இரண்டாம் தரம் நிறைவேற்ற, ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. அந்த வருடம் நவம்பரில் உயர்நீதிமன்றம், சட்டம் செல்லும், ஆனால் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட விளையாட்டு என்று அட்டவணையில் சேர்த்தது மட்டும் செல்லாது என்றது. நம் தம்பி பிடித்துக்கொண்டிருப்பது இந்த ஒரு துண்டை. பின்னால் நடந்ததையும் கேளுங்கள். 2025 பிப்ரவரியில் அரசு விதிகள் கொண்டுவந்தது: 18 வயதுக்குக் கீழ் கூடாது, ஆதார் சரிபார்ப்பு வேண்டும், இரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை காசு ஆட்டம் கூடாது. கம்பெனிகள் வழக்குப் போட, ஜூன் 3-ம் தேதி அதே உயர்நீதிமன்றம் விதிகள் செல்லும் என்றது. ஆகஸ்டில் பாராளுமன்றம், திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டு எதையும் நடத்தக்கூடாது என்று தேசம் முழுவதற்கும் சட்டம் நிறைவேற்றி, 22-ம் தேதி ஜனாதிபதி கையெழுத்திட்டார். பெரிய கம்பெனிகள் அந்த வாரமே காசு ஆட்டத்தை நிறுத்தின. இதை எதிர்த்த வழக்குகளை செப்டம்பரில் உச்சநீதிமன்றம் தன்னிடம் மாற்றிக்கொண்டது.

வளர்ந்தவன் தன் காசை எப்படிச் செலவழிக்கிறான் என்பது அவனுடைய உரிமை என்று கம்பெனிகள் வாதாடின. உரிமைக்காகப் பேசுகிறவர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அந்த நடுராத்திரி விதியைப் பாருங்கள். பன்னிரண்டு மணிக்கு மேல் ஷிப்ட் விட்டு ரூமுக்கு வந்து, ஊரில் மனைவி பிள்ளையை விட்டுத் தனியாகப் படுத்திருக்கிற வாலிபனை நினைத்தே அதை எழுதினார்களோ என்று எனக்குத் தோன்றும். இன்னும் ஒன்று. மத்திய சட்டத்தில் தண்டனை நடத்துகிறவனுக்கும் விளம்பரம் செய்கிறவனுக்கும் பணம் கடத்துகிறவனுக்கும்தான், ஆடி ஏமாந்தவனுக்கு அல்ல. பெயர் தெரியாத செயலியில் பணத்தை இழந்துவிட்டு வீட்டில் சொல்லப் பயந்து ஒளித்து வைத்திருக்கிற சகோதரர் யாராவது இதை வாசித்தால், தயவுசெய்து தனியாகச் சுமக்காதிருங்கள். 1930 என்ற எண் பணமோசடிப் புகாருக்கானது. எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறீர்களோ அவ்வளவு நல்லது. என் வீட்டுக் கதவும் எந்த நேரமும் திறந்திருக்கிறது.

பூசணம் பிடித்த அப்பமும் "அலவ்" பட்டனும்

யோசுவா 9-ம் அதிகாரத்தில் கிபியோனியர் வருகிறார்கள். பக்கத்து ஊர்க்காரர். ஆனால் பழைய செருப்பு, கிழிந்த திராட்சரசத் துருத்தி, காய்ந்து பூசணம் பிடித்த அப்பம் எல்லாம் காட்டி, வெகுதூரத்திலிருந்து வந்தோம், உடன்படிக்கை பண்ணுங்கள் என்கிறார்கள். இஸ்ரவேலின் தலைவர்கள் அப்பத்தைப் பார்த்தார்கள், கர்த்தரிடத்தில் விசாரிக்கவில்லை, ஆணையிட்டுவிட்டார்கள். மூன்று நாள் கழித்து உண்மை தெரிந்தது. தெரிந்தும் ஆணையை மாற்ற முடியவில்லை. தலைமுறைகள் கழித்து, தாவீதின் நாளிலும் அந்த ஆணையின் கணக்கு வந்து நின்றது என்று 2 சாமுவேல் 21-ல் வாசிக்கிறோம்.

போனில் "அலவ்" என்று வரும்போது நாம் செய்வது அதேதான். எழுத்தைப் பார்க்கிறோம், விசாரிப்பதில்லை, ஆணையிடுகிறோம். டார்ச் லைட் செயலிக்கு உங்கள் போன் நம்பர் பட்டியல் எதற்கு? கேமுக்கு நீங்கள் நிற்கிற இடம் எதற்கு? கேட்டுப்பாருங்கள்.

இதில் மிகவும் கொடியது உடனடிக் கடன் செயலி. மூவாயிரம் ரூபாய்க்கு அவசரம், ஐந்து நிமிஷத்தில் பணம் என்கிறான். நாம் அழுத்தினவுடன் போனிலுள்ள எல்லா நம்பரும் எல்லாப் போட்டோவும் அவன் கைக்குப் போகிறது. தவணை தவறினால் உங்கள் அக்கா, மாமியார், சூப்பர்வைசர், பாஸ்டர் எல்லாருக்கும் போன் வருகிறது. எனக்கும் இப்படிப்பட்ட போன் வந்திருக்கிறது. ஒரு விசுவாசியின் பேரைச் சொல்லி வாயில் வராத வார்த்தைகளைப் பேசினான். இங்கே நீங்கள் அறியவேண்டியது, ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரிலேயே, கடன் செயலிகள் போன் நம்பர் பட்டியலையும் போட்டோக்களையும் கால் விவரங்களையும் தொடக்கூடாது என்று கட்டளையிட்டிருக்கிறது. கேமரா, இருப்பிடம் போன்றவற்றை அடையாளம் பார்க்க ஒரு தடவை மட்டும், அதுவும் நம் சம்மதத்தோடு கேட்கலாம். ஆகவே ஒரு கடன் செயலி உங்கள் நம்பர் பட்டியலைக் கேட்டாலே அவன் யார் என்று தெரிந்துபோயிற்று. அது பூசணம் பிடித்த அப்பம்.

இன்னொரு தந்திரமும் உண்டு. "இன்னும் 4 நிமிஷம்தான்", "கடைசி 2 மட்டுமே" என்று கடிகாரம் ஓடவிடுவது, வேண்டாம் என்ற பட்டனைக் கண்ணுக்குத் தெரியாமல் வைப்பது, சேருவதற்கு ஒரு தட்டு, விலகுவதற்குப் பத்துத் தட்டு. 2023 நவம்பர் 30-ம் தேதி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இப்படிப்பட்ட பதின்மூன்று விதத் தந்திரங்களைப் பேர் சொல்லித் தடைசெய்தது. தடைசெய்ததால் நின்றுவிட்டதா என்றால் இல்லை. ஆனால் இது தப்பு என்று எழுத்தில் இருக்கிறது. 1915 என்ற எண்ணில் தமிழிலேயே புகார் சொல்லலாம்.

பிள்ளைகளின் கையில்

அந்த ஒரு வரிச் சீட்டு எழுதின தாயார் பிறகு என்னிடம் தனியாகவே வந்து பேசினார். அவருடைய சம்மதத்தோடு, பேர் சொல்லாமல் எழுதுகிறேன். மகளிர் குழுவில் கட்டவேண்டிய பணம் கணக்கில் இருந்தது. ஒன்பதாவது படிக்கிற மகனுக்கு அம்மாவின் பின் நம்பர் தெரியும், ஏனென்றால் அம்மாவுக்கு ஜி-பே போடக் கற்றுக்கொடுத்ததே அவன்தான். எழுபது, நூற்றைம்பது, எழுபது என்று பதினோரு தடவை டைமண்ட் வாங்கியிருக்கிறான். குழுக் கூட்டத்தன்று கணக்கில் பணம் இல்லை. "திருடல பாஸ்டர், அவன் அதைக் காசுன்னே நெனைக்கல" என்றார் அந்தத் தாயார். எனக்கு அந்த வார்த்தை மறக்கவில்லை. கம்பெனிகள் ரூபாயை டைமண்டாகவும் யூசியாகவும் மாற்றுவதன் காரணமே அதுதான். எழுபது ரூபாயை எண்ணிக் கொடுக்கிற கை தயங்கும், டைமண்டுக்குத் தயங்காது.

உடனே செயலிக் கடையில் புகார் போட்டோம். கடைசி இரண்டு நாளில் வாங்கினதற்குப் பணம் திரும்பி வந்தது. பழையவை வரவில்லை. ஆகவே நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் கேளுங்கள். அதற்குப்பின் வழி குறுகலாகிறது. உலகத்தில் பெரிய கம்பெனிகளே இதற்காகப் பணம் திருப்பிக் கொடுத்திருக்கின்றன. பெற்றோரைக் கேட்காமல் பிள்ளைகள் வாங்கினதற்காக 2014-ல் ஆப்பிள் கம்பெனி அமெரிக்காவில் குறைந்தது 3 கோடியே 25 லட்சம் டாலர் திருப்பித்தர ஒப்புக்கொண்டது. போர்ட்நைட் என்ற விளையாட்டின் கம்பெனி, ஜனங்களை ஏமாற்றி வாங்கவைத்த வழக்கில் 24 கோடியே 50 லட்சம் டாலர் கொடுக்க 2022 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. அவர்களுடைய பட்டன் தப்பான இடத்தில் இருந்தது என்பதே அந்த வழக்கின் சாரம். ஆகையால் பிள்ளையை அடிக்கக் கை ஓங்குகிறதற்குமுன் பட்டனை யார் வைத்தது என்று யோசியுங்கள்.

நம் தேசத்திலும் 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. 18 வயதுக்குட்பட்ட பிள்ளையின் விவரத்தை எடுக்கப் பெற்றோரின் சம்மதம் வேண்டும், பிள்ளையைப் பின்தொடர்ந்து விளம்பரம் காட்டக்கூடாது என்கிறது. விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியமான கடமைகளுக்குப் பதினெட்டு மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். அதுவரை சும்மா இருக்க வேண்டாம். பின் நம்பரை இன்றைக்கே மாற்றுங்கள். செயலிக் கடையின் செட்டிங்கில், ஒவ்வொரு தடவை வாங்கும்போதும் பாஸ்வேர்டு கேள் என்று வைக்க இடம் இருக்கிறது. "ஆட்டோபே" என்ற இடத்தையும் திறந்து பாருங்கள். ஒருதடவை சம்மதம் கொடுத்தால் 15,000 ரூபாய் வரைக்கும் மறுபடி பின் கேட்காமலே மாதாமாதம் பணம் போகும். பணம் எடுக்க ஒருநாள் முன்னதாக மெசேஜ் வரும். நாம்தான் அதை விளம்பரம் என்று தள்ளிவிடுகிறோம்.

எரேமியாவின் ஜாடி

பாபிலோன் சேனை எருசலேமைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. எரேமியா காவலில் இருக்கிறான். அந்த நிலைமையில் பெரியப்பா சித்தப்பா உறவில் வந்த அனாமெயேலிடம் ஆனதோத்திலிருக்கிற நிலத்தைப் பதினேழு சேக்கலுக்கு வாங்குகிறான். ஊரே போகப்போகிறது, நிலம் எதற்கு என்று நாம் கேட்போம். அவனோ முத்திரை போட்ட பத்திரம் ஒன்று, திறந்த பத்திரம் ஒன்று, இரண்டையும் பாருக்கின் கையில் கொடுத்து, நெடுநாள் இருக்கும்படி மண்பாண்டத்தில் வைக்கச் சொல்லுகிறான். சொந்தமானதற்கு அத்தாட்சியைக் காப்பது ஆவிக்குரிய மனுஷனுக்கும் தகும் என்று இதில் கற்றுக்கொள்ளுகிறேன்.

போன் என்ற பொருள் மட்டும் நம்முடையது, அதில் சந்தேகமில்லை. அதின் பத்திரம் எங்கே? பில்லை அன்றைக்கே குப்பையில் போட்டோம், பெட்டியைப் பிள்ளை விளையாடக் கிழித்தது. ஸ்டார் ஹேஷ் 06 ஹேஷ் என்று அழுத்தினால் திரையில் வருகிற பதினைந்து இலக்க ஐ.எம்.இ.ஐ. எண்தான் போனின் சர்வே நம்பர். பில்லோடு அதையும் எழுதி பைபிளிலோ பீரோவிலோ வையுங்கள். போன் பஸ்சில் போனால் போலீசில் புகார் கொடுத்து, சஞ்சார் சாத்தி என்ற அரசு தளத்தில் அந்த எண்ணைப் போட்டால் எந்த சிம்மைப் போட்டாலும் அந்தப் போன் வேலை செய்யாதபடி அடைத்துவிடுவார்கள். 2023 மே முதல் தேசம் முழுவதும் இந்த வசதி இருக்கிறது. பழைய போன் வாங்குகிறவர்கள் அதே தளத்தில் எண்ணைப் போட்டுப் பார்த்து வாங்குங்கள். உங்கள் ஆதாரில் எத்தனை சிம் ஓடுகிறது என்றும் அங்கேயே தெரியும். இதுதான் போனுக்கு வில்லங்கம் போடுவது. ரூம் எடுக்க, வேலையில் சேர என்று ஆதார் ஜெராக்சை ஊரெல்லாம் கொடுத்த வாலிபர்கள் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும்.

தவணைக்குப் போன் எடுக்கிறவர்களுக்கு ஒன்று. சில போன்களில், பணம் கட்டாவிட்டால் தூரத்திலிருந்தே பூட்டுகிற ஒரு செயலியைப் போட்டுத் தருகிறார்கள். போட்டிருக்கிறீர்களா, கடைசித் தவணைக்குப்பின் யார் எடுத்துத் தருவது என்று கையெழுத்துக்கு முன்னே கேளுங்கள். கடன் முடிந்ததற்குச் சீட்டு வாங்குங்கள். வீட்டுக்கடன் முடிந்து பத்திரத்தைத் திருப்பி வாங்காத வீட்டுக்காரனைப் பார்த்திருக்கிறீர்களா?

ரிப்பேர் விஷயத்தில் எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். என் தகப்பனார் சைக்கிளை அவரே கழற்றி மாட்டுவார். இன்றைக்கு என் போன் பேட்டரியை நான் கழற்ற முடியாதபடி பசை போட்டு ஒட்டியிருக்கிறது. இந்த வட்டாரத்திலேயே போன் செய்யத் தெரிந்த கைகள் ஆயிரக்கணக்கில் இருக்கும்போது, பழுது பார்க்கத் தூரமாக இருக்கிற சர்வீஸ் சென்டருக்கு அனுப்பி, "போர்டு போயிடுச்சு, புதுசு வாங்கிக்கோங்க" என்று கேட்டுத் திரும்புகிறோம். 2022 டிசம்பர் 24-ம் தேதி மத்திய நுகர்வோர் துறை ரைட் டு ரிப்பேர் என்ற தளத்தைத் திறந்தது. கம்பெனிகளின் பழுதுபார்க்கும் விவரமும் உதிரிபாக விவரமும் அதில் கிடைக்கும்படி செய்வதே நோக்கம். வாரன்டி இருந்தும் மறுத்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். 2020 ஜூலையில் அமலான சட்டப்படி, கம்பெனி டெல்லியில் இருந்தாலும் நாம் குடியிருக்கிற இடத்திலேயே போடலாம். ஐந்து லட்ச ரூபாய் வரைக்கும் கட்டணம் இல்லை. வக்கீலும் கட்டாயமில்லை. ஆனால் பில் வேண்டும்.

வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்தபின் வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள் நால்வர் மாடியில் உட்காருகிறார்கள். பின் நம்பர் மாற்றுவது, ஆட்டோபே பார்ப்பது, எந்தச் செயலிக்கு என்ன அனுமதி கொடுத்திருக்கிறது என்று பார்த்து எடுப்பது, சிம் கணக்குப் பார்ப்பது எல்லாம் செய்துகொடுப்பார்கள். தாய்மார்களும் வயதானவர்களும் கூச்சப்படாமல் வாருங்கள். பின் நம்பரை அந்தப் பிள்ளைகளிடமும் சொல்ல வேண்டாம், நீங்களே உங்கள் கையால் அழுத்துங்கள். போனைச் சார்ஜ் போட்டுக் கொண்டுவாருங்கள். மாடியில் ஒரே ஒரு பிளக்பாயின்ட்தான் இருக்கிறது, அதையும் கீபோர்டுக்குப் போட்டிருக்கிறோம்.